ஜூன் மாத வெயிலிலும் சென்னைக் கடல் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே, அண்டார்டிகாவில் இருந்து வரும் குளிர் நீரோட்டம்தான் காரணமா?

இல்லை. உங்கள் காலில் பட்ட குளிர்ந்த தண்ணீர் அவ்வளவு தூரம் பயணம் செய்து வரவில்லை. நம் கரைக்கு எதிரிலேயே, கடலின் அடியில் இருந்து ஏறி வந்தது.

நீங்கள் வெளியூர் என்று நினைக்கிறேன். பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ சாயங்காலம் கால் நனைத்திருப்பீர்கள். கூட வந்த யாரோ அண்டார்டிகா கதையைச் சொல்லியிருப்பார். எனக்கும் இதே கதையை அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்கு எல்லோரும் போயிருந்தபோது, தண்ணீரில் இறங்கியதும் அவர் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "இல்ல சார், தெக்கத்திக் காத்து அடிக்குது, அடித்தண்ணி ஏறுது" என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். "எங்க அப்பா" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா கடலுக்குப் போகிறவர் என்று தெரிந்ததும் ஒருவர், "ஓ, பாரம்பரிய அறிவா, ஓகே ஓகே" என்று முதுகில் தட்டினார். இன்றைக்கும் அது ஆறவில்லை.

பள்ளி விடுமுறையில் அப்பாவோடு ஃபைபர் படகில் போவேன். மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் நாளிலும், அடியில் விட்ட வலையை இழுக்க இழுக்க கையில் குளிர் ஏறும். தெற்குக் காற்று விடாமல் சில நாள் அடித்தால் அதே குளிர் கரைக்கே வந்துவிடும். "காத்து மேத்தண்ணிய வெளிய தள்ளுது, அந்த எடத்துக்கு அடித்தண்ணி வருது" என்பார். அவ்வளவுதான் விளக்கம். புத்தகத்திலும் இதேதான் இருக்கிறது.

பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்தண்ணீர் காற்றுக்கு வலப்பக்கம் ஒதுங்கும். நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சென் 1893இல் கிளம்பிய ஃபிராம் கப்பலில் ஆர்க்டிக் பனியோடு மிதந்து போனபோது, பனிப்பாளங்கள் காற்றுக்கு நேராகப் போகாமல் வலப்பக்கம் விலகுவதைக் குறித்து வைத்தார். ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் 1905இல் அதைக் கணக்குப் போட்டு விளக்கினார். நம் கரையில் காற்று தெற்கில் இருந்து வடக்கே போனால் வலப்பக்கம் கிழக்கு, அதாவது நடுக்கடல். மேல்தண்ணீர் கரையை விட்டு அங்கே நகர, காலியான இடத்தைக் கீழே இருக்கும் தண்ணீர் நிரப்பும். வங்கக் கடலின் மேற்பரப்பு பெரும்பாலும் 28 டிகிரிக்கு மேல். 200 மீட்டர் ஆழத்திலோ 15 டிகிரி அளவுதான். குளிருக்கு ரொம்ப ஆழம்கூடப் போக வேண்டாம், கொஞ்சம் கீழே இருந்து ஏறினாலே காலுக்குத் தெரியும்.

கடலியல் படித்தவர்கள் சண்டைக்கு வரும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். வங்கக் கடலின் தரையை ஒட்டி, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடக்கும் தண்ணீருக்குத் தென்துருவப் பக்கம்தான் மூலம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது திருவான்மியூர் கரைக்கு ஏறி வருவதில்லை.

அப்புறம், 'நீரோட்டம்' என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கரையோர நீரோட்டம் வருஷம் முழுக்க ஒரே திசையில் ஓடாது. மாசி, பங்குனியில் வடக்கே ஓடும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பும். எங்கள் குப்பத்தில் தெற்கில் இருந்து வருவது தெண்டி, வடக்கில் இருந்து வருவது வண்ணி. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் வலை விட்டால் வலை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இதற்குக் காற்று மட்டும் காரணம் இல்லை. காற்று பலமில்லாத பங்குனியிலேயே வடக்கு நோக்கிய ஓட்டம் வேகமாக இருக்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் கிளம்பி, வங்கக் கடலின் கரையை ஒட்டியே சுற்றி வரும் பெரிய அலைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

மழைக்காலத்தில் கதையே மாறும். வண்ணி ஓடும்போது கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நல்ல தண்ணீர் கலந்து, உப்புக் குறைந்த தண்ணீர் நம் பக்கம் இறங்கி வரும். வாடைக்காற்று மேல்தண்ணீரைக் கரைப்பக்கம் ஒதுக்குவதால் அடித்தண்ணீருக்கு வழி இல்லை. அதனால்தான் கார்த்திகையில் வெளியே குளிர்ந்தாலும் கடலில் இறங்கினால் இதமாக இருக்கும்.

இதையெல்லாம் அறிந்தவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையையும் சொல்ல வேண்டும். அப்பா பிடித்த மீனை அம்மா சாலையோரம் வைத்து விற்றால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று விரட்டுவார்கள். அதே சாலையில் காரை நிறுத்திவிட்டுக் கடலைப் படம் எடுப்பவர்களை யாரும் விரட்டிப் பார்த்ததில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் எழுதுகிறேன்.

சரி, கேரளக் கரையிலும் இதே வேலை நடக்கிறது, நம்மைவிடப் பலமாக. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே ஏறி வரும் அடித்தண்ணீர் உரச்சத்தோடு வருவதால் நுண்ணுயிர்ப் பாசி பெருகும், அதைத் தின்னத்தான் மத்தி கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும். செயற்கைக்கோள் அளக்கும் கடல் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் வைத்துத்தான் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் மீன் கிடைக்கும் இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது.

நீங்கள் அடுத்த வாரம் மறுபடி போய் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் நான் சொன்னது பொய் என்று நினைக்க வேண்டாம். தெற்குக் காற்று தணிந்தால் ஏற்றமும் தணியும், மேல்தண்ணீர் வெயிலில் மறுபடி சூடாகிவிடும்.