நரம்பு ஒரு கம்பி அல்ல

வணக்கம் சார்,

நேற்று மேஜைக் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். இடித்தது உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த எரிகிற பெரிய வலி ஒரு கணம் கழித்துத்தான் வந்தது. நரம்பு மின்சாரக் கம்பி மாதிரி என்று பள்ளியில் படித்தேன். மின்சாரம் என்றால் ஏன் இந்தத் தாமதம்? இன்னொன்று, விரலைத் தேய்த்ததும் வலி குறைந்ததே, அது எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பள்ளியில் எல்லோருக்கும் சொல்லித்தரும் அந்தக் கம்பி உவமைதான் உங்களைக் குழப்புகிறது. அதை விட்டுவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

கம்பியில் மின்சாரம் நீளவாக்கில் ஓடுகிறது. நரம்பு செல்லில் நடப்பது வேறு. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சும்மா இருக்கும்போது உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். தூண்டல் வந்ததும் அந்த இடத்துச் சவ்வில் சோடியத்துக்கான கதவுகள் திறக்கின்றன. சோடியம் வெளியிலிருந்து உள்ளே, அதாவது குறுக்குவாக்கில், பாய்கிறது. அங்கே மின்னழுத்தம் தலைகீழாகிறது. அதை உணர்ந்து பக்கத்துக் கதவுகள் திறக்கின்றன, அப்புறம் அதற்கும் பக்கத்தில். எரிகிற திரி மாதிரி என்று சொல்லலாம். ஒவ்வோர் இடத்திலும் சைகை புதிதாகப் பிறக்கிறது. அதனால்தான் மெதுவாகப் போகிறது, அதனால்தான் எவ்வளவு தூரம் போனாலும் தேய்வதில்லை. திரி எரிந்தால் கரியாகிவிடும். நரம்போ சில மில்லிசெகண்டுகளில் அடுத்த சைகைக்குத் தயார். கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை வைத்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1952இல் இதைக் கணக்குப்போட்டுக் காட்டினார்கள்.

சரி, உங்கள் விரலுக்கு வருவோம். அந்த வலியை உணர்ந்த செல்லின் உடல் விரலில் இல்லை. அது கீழ்முதுகில், தண்டுவடத்தின் ஓரத்தில் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவுள்ள அந்த உடலிலிருந்து ஆக்ஸான் என்ற இழை ஒன்று விரல் நுனிவரை, ஏறக்குறைய ஒரு மீட்டர், நீள்கிறது. இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. இழைக்குத் தேவையான புரதங்கள் பெரும்பாலும் செல் உடலில்தான் தயாராகின்றன. அங்கிருந்து வேகமாகச் செல்லும் சரக்குகூட ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர்தான் நகரும். இன்று புறப்படுவது உங்கள் சுண்டுவிரலை அடைய இரண்டு மூன்று நாளாகும்.

சரக்குக்கு நாள் கணக்கு, சைகைக்கு நொடிக் கணக்கு. அதிலும் எல்லா இழைகளும் ஒரே வேகமல்ல. தொடுதலைச் சொல்லும் இழைகள் தடித்தவை, மயலின் என்ற கொழுப்புறை சுற்றியவை. உறையில் ஏறக்குறைய மில்லிமீட்டருக்கு ஓர் இடைவெளி இருக்கும். சைகை அந்த இடைவெளிகளில் மட்டும் புதிதாகப் பிறந்து, தாவித் தாவிப் போகிறது. வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டரைக் கடக்க 0.02 நொடி போதும். "இடித்துவிட்டது" என்று உடனே தெரிந்தது இதனால்தான். எரிகிற வலியைச் சுமக்கும் இழைகள் மெல்லியவை, உறையற்றவை. அங்கே நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் வேகம். கால் விரலிலிருந்து தண்டுவடத்துக்கு வரவே ஒரு நொடி. உங்கள் "ஒரு கணம்" ஏறக்குறையத் துல்லியமான அளவீடு! ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பை வைத்து நரம்புச் சைகையின் வேகத்தை அளக்கும்வரை, அதை அளக்கவே முடியாது என்றுதான் அவருடைய ஆசிரியர் முல்லரே நினைத்திருந்தார்.

இனி, தேய்த்தல். இரண்டு வகை இழைகளுமே தண்டுவடத்தில் அடுத்த செல்லிடம் சேதியை ஒப்படைக்கின்றன. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. நடுவே சைனாப்ஸ் என்ற, ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே அகலமுள்ள இடைவெளி. இழையின் முனையிலிருந்து வேதிப்பொருள் கசிந்து அதைக் கடக்கிறது. சில வேதிப்பொருள்கள் அடுத்த செல்லை உசுப்பும், சில அடக்கும். நீங்கள் விரலைத் தேய்த்தபோது தடித்த தொடு இழைகள் ஓயாமல் சைகை அனுப்பின. அவை தண்டுவடத்திலுள்ள அடக்கும் செல்களை எழுப்பின. அந்தச் செல்கள் வலியை மேலே கொண்டுபோகும் செல்லின் வாயை அடைத்தன. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் சொன்ன விளக்கம் இது. நுணுக்கங்களில் பிறகு திருத்தம் வந்தது, அடிப்படை நிலைத்துவிட்டது. விரலில் காயம் அப்படியேதான் இருந்தது. குறைந்தது, மூளைக்குப் போன சேதி.