சாஸில் தண்ணீர் பிரிகிறதே?

கேள்வி: வீட்டில் செய்த தக்காளி சாஸ் இரண்டே நாளில் தண்ணீர் விட்டு நிற்கிறது. சோள மாவு சேர்க்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாவெல்லாம் வேண்டாம், சாஸ் கூழாகிவிடும். சுண்டியது போதவில்லை, அவ்வளவுதான். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுப் பாருங்கள். சுற்றிலும் நீர் வளையம் கட்டினால் இன்னும் கொதிக்க வேண்டும். நாட்டுத் தக்காளியை ரசத்துக்கு வைத்துக்கொண்டு, சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளியாக வாங்குங்கள். நான் பட்டை, கிராம்பு, நசுக்கிய பூண்டைத் துணியில் முடிந்து கொதியில் போடுவேன். வினிகர் கடைசியில்தான், முன்பே ஊற்றினால் ஆவியோடு போய்விடும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் காய்ச்சாதீர்கள், புளிப்புக்கு ஆகாது. ஃப்ரிட்ஜில் வையுங்கள். அப்புறம், முட்டைப் பொரியலில் ஒரு கரண்டி விட்டுக் கிளறிப் பாருங்களேன்!