அமெரிக்காவில் கருப்பினப் பெண்களுக்குத் தனி மகப்பேறு அமைப்புகள் எதற்கு?

"அத்தனை பெரிய மருத்துவமனைகள் இருக்கும் நாட்டில் கருப்பினப் பெண்களுக்கென்று தனி அமைப்புகள் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவமனை இருப்பது வேறு, அங்கே நாம் சொல்வது காதில் ஏறுவது வேறு. 2023-ல் அமெரிக்காவில் கருப்பினப் பெண்களின் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு சுமார் 50 தாய்மார் இறந்தார்கள். வெள்ளையரில் அது 15-க்கும் கீழே. பணம் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் சொல்ல முடியாது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸையே பாருங்கள். 2017-ல் மகள் பிறந்த மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறியது. முன்பே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர் என்பதால் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வலி மருந்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தார் நர்ஸ். கடைசியில் எடுத்துப் பார்த்தால், கட்டிகள்! உலகப் புகழ் பெற்றவருக்கே இந்த நிலை.

அதனால்தான் இந்த அமைப்புகளில் டூலாக்கள், அதாவது பிரசவத்துக்குத் துணை இருப்பவர்கள். இவர்கள் மருத்துவம் பார்ப்பதில்லை. கர்ப்ப காலத்திலிருந்தே கூட இருந்து, பிரசவ அறையில் தாய் கேட்பதை டாக்டர் கவனிக்க வைப்பார்கள். அப்புறம் வீட்டுக்கும் வந்து தாய்ப்பால், மனச்சோர்வு எல்லாம் பார்ப்பார்கள்.

இன்னொரு பக்கம் கொள்கைப் போராட்டம். 1994-ல் சிகாகோவில் 12 கருப்பினப் பெண்கள் கூடி 'இனப்பெருக்க நீதி' என்ற கோரிக்கையை உருவாக்கினார்கள்: பிள்ளை பெறவும், வேண்டாமென்று இருக்கவும், பெற்றதைப் பாதுகாப்பாக வளர்க்கவும் உரிமை. அதற்காகப் போராட 1997-ல் சிஸ்டர்சாங் அமைப்பு பிறந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு பிரசவத்துக்குப் பிறகு 60 நாளில் முடிந்துகொண்டிருந்தது; இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஓராண்டு. இப்படிப்பட்ட அமைப்புகள் விடாமல் கேட்டதற்கும் அதில் பங்குண்டு.