டீசல் காரை ரீமேப் செய்தால் மைலேஜ் கூடுமா?

டீசல் காரின் எஞ்சினை ரீமேப் செய்தால் மைலேஜ் உண்மையிலேயே கூடுமா, செலவழிக்கும் பணத்துக்கு அது ஈடாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில கார்களில், சில ஓட்டுநர்களுக்குச் சிறிதளவு கூடும். 10, 15 சதவீதம் என்று விளம்பரங்களில் சொல்லப்படும் அளவுக்குக் கூடுவதற்கான காரணம் எதுவும் எஞ்சினுக்குள் இல்லை. ரீமேப் செய்யப்பட்ட பழைய ஸ்விஃப்ட் டீசல் ஒன்றை நான் ஓட்டிவருவதால், அந்தக் காரை வைத்தே விளக்குகிறேன்.

எந்தச் சுழற்சி வேகத்தில், ஆக்சிலரேட்டர் எந்த அளவுக்கு அழுத்தப்பட்டிருக்கும்போது, எவ்வளவு டீசலை, எந்தக் கணத்தில், எத்தனை பார் அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்க வேண்டும் என்பதெல்லாம் இசியூ எனப்படும் எஞ்சின் கணினியில் அட்டவணைகளாகப் பதிந்திருக்கின்றன. இந்த எண்களை மாற்றி எழுதுவதே ரீமேப். டீசலில் அடங்கிய ஆற்றலை அது கூட்டுவதில்லை. காரின் எடையும் காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் முன்பு இருந்தபடியேதான் இருக்கும். ஆகவே மைலேஜ் கூட வேண்டுமானால், அதே வேலையை எஞ்சின் முன்பைவிடக் குறைந்த டீசலில் செய்தாக வேண்டும்.

ஸ்விஃப்டில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட் எஞ்சின். மாருதி, டாடா, ஃபியட் என்று பல நிறுவனங்களின் கார்களில் இடம்பெற்றதால் இதை 'தேசிய எஞ்சின்' என்று கேலியாகச் சொல்வார்கள். 75 குதிரைத்திறனும், 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுழற்சியில்) 190 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசையும்) தரும் இந்த எஞ்சின், டர்போ விழித்துக்கொள்ளும் வரை, அதாவது ஏறத்தாழ 1800 ஆர்பிஎம் வரை, மந்தமாகவே இருக்கும் என்பது இதை ஓட்டிய எவருக்கும் தெரியும். நகர நெரிசலிலும் குன்னூர் மலைப்பாதை போன்ற ஏற்றங்களிலும் அந்த மந்தத்தைத் தவிர்ப்பதற்காக ஒரு கியர் குறைத்து, எஞ்சினை அதிகச் சுழற்சியில் ஓட்ட வேண்டியிருக்கிறது. நல்ல ரீமேப் இந்தக் கீழ்ப்பகுதியில் டார்க்கைச் சற்று உயர்த்துகிறது. அதனால் மூன்றாவது கியரில் ஏறிய மேட்டை நான்காவதில் ஏற முடிகிறது. ஒரே அளவு திறனைக் குறைந்த சுழற்சியில், அதிகச் சுமையோடு தரும்போது, எஞ்சினின் உள் உராய்வில் வீணாகும் ஆற்றல் குறைகிறது. மைலேஜ் கூடுகிறது என்பதற்கு நான் அறிந்த நேர்மையான காரணம் பெரும்பாலும் இதுதான். கிடைத்த பிக்அப்பை ரசிப்பதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்துபவருக்கு இந்த ஆதாயமும் கிடைக்காது.

நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. சமதளத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல இத்தகைய சிறிய காருக்கு 10 முதல் 15 குதிரைத்திறனே போதும். ரீமேப்பால் 75 என்பது 95 ஆனாலும், அந்தக் கூடுதல் திறன் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போதுதான் வெளிப்படும். சீரான ஓட்டத்தில் எஞ்சின் இயங்கும் பகுதியை நிறுவனப் பொறியாளர்கள் ஏற்கெனவே மிகுந்த கவனத்துடன் வகுத்திருக்கிறார்கள். என் காரிலும் நகருக்குள் சிறிது மாற்றம் தெரிந்தது. நெடுஞ்சாலையில் வேறுபாடு எதையும் நான் காணவில்லை.

இதை எப்படி அளந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டாஷ்போர்டில் தெரியும் மைலேஜ் எண், டேங்கில் உள்ள டீசலை அளந்து வருவதன்று. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம், எந்த அழுத்தத்தில் திறந்தோம் என்று இசியூ நம்புகிறதோ அதிலிருந்து கணக்கிடப்படுவது. ரீமேப்பில் அந்தக் கணக்குக்கு அடிப்படையான எண்களே மாற்றப்பட்டிருக்கலாம். வயரிங்கில் இடையே செருகும் டியூனிங் பாக்ஸ்களின் கதை இன்னும் மோசம். அவற்றுள் பல, டீசல் குழாயின் அழுத்தம் குறைவாக இருப்பதாக இசியூவுக்குப் பொய்யான தகவலைத் தந்து, அதைக் கொண்டே அழுத்தத்தை உயர்த்தச் செய்கின்றன. உண்மையில் அதிக டீசல் பாய, திரையில் குறைவாகப் பாய்ந்ததாகக் கணக்கு வரும். எடைக்கல்லைத் தேய்த்துவிட்டுத் தராசைக் காட்டுவது போன்றது இது. ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், குழாய் முதன்முறை தானாக நிற்கும் (ஆட்டோ கட்) வரை நிரப்பி, பல டேங்குகளுக்குச் சராசரி எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்போதும் ஏசி, டயர் காற்று, பருவகாலம் ஆகியவற்றால் வரும் ஏற்ற இறக்கமே சில சதவீதம் இருக்கும்.

டீசலைச் சற்று முன்கூட்டியே பீய்ச்சினால் சீரான ஓட்டத்திலும் கொஞ்சம் மிச்சமாகுமே என்று கேட்கலாம். ஆகும், ஆனால் எரிவெப்பநிலை உயர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடும். நிறுவனங்கள் அதைத் தாமதப்படுத்துவதே மாசு வரம்புக்காகத்தான். மென்பொருளால் இந்த வரம்பை எவ்வளவு தூரம் ஏமாற்ற முடியும் என்பது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் சிக்கியபோது உலகுக்குத் தெரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலும் 3.23 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. நம் ஊரில் டீசல் கார்களுக்கு நடக்கும் புகைப் பரிசோதனை, புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அது பார்ப்பதேயில்லை. எனவே சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதால் ரீமேப் தூய்மையானது என்று ஆகிவிடாது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்6 என்ற மாசு விதிக்கு உட்பட்ட டீசல் காராக இருந்தால் ரீமேப்பைத் தவிர்க்கவே சொல்வேன். அவற்றில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. ரீமேப்பால் கரி அதிகமானால், அதை எரித்துச் சுத்தம் செய்யக் கார் அடிக்கடி கூடுதல் டீசலைச் செலவழிக்கும். மிச்சப்படுத்த நினைத்தது அங்கேயே போய்விடும். வடிகட்டியைக் கழற்றிவிடலாம் என்று சொல்லும் கடைக்காரரிடமிருந்து விலகியிருங்கள்.

பணக் கணக்கு எளியது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் காருக்கு 600 லிட்டர் டீசல் தேவை. மைலேஜ் 5 சதவீதம் கூடுவதாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 29 லிட்டர்தான் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்றால் அது 2,700 ரூபாயைக்கூடத் தொடாது. ரீமேப்புக்கு 25,000 ரூபாய் கொடுத்திருந்தால், அதை மீட்க 9 ஆண்டுகளுக்கு மேலாகும். இதற்கிடையே கூடுதல் டார்க்கால் கிளட்ச் தேய்ந்தால் அது தனிச் செலவு. உத்தரவாதக் காலத்தில் உள்ள கார் என்றால் எஞ்சினுக்கான உத்தரவாதத்தை நிறுவனம் மறுக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதால், விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனமும் கேள்வி எழுப்பலாம். டர்போ மந்தம் தாங்க முடியாமல், பிக்அப்புக்காகவே செய்வதென்றால், இசியூவின் அசல் கோப்பை முதலில் நகலெடுத்து உங்கள் கையில் தரும் டியூனரிடம் (ரீமேப் செய்பவரிடம்) மட்டும் காரைக் கொடுங்கள்.