தோண்டும் இடத்தில் தாழி வந்தால்: கேள்வி பதில்

கே: தோட்டத்தில் பண்ணைக்குட்டைக்கு ஜேசிபி விட்டோம். மூன்றடி ஆழத்தில் வட்டமாகத் தடித்த பானை விளிம்பு தெரிகிறது. பக்கத்தில் இன்னும் இரண்டு. என்ன செய்வது?

ப: முதலில் வண்டியை நிறுத்துங்கள். அது முதுமக்கள் தாழியாக, அதாவது பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானையாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். மண்வெட்டியாலும் தொடவேண்டாம். உள்ளே இருக்கும் மண்தான் தாழியைத் தாங்கி நிற்கிறது. அதை அள்ளினால் ஈரம் ஊறிய ஓடு வெயிலில் சட்டென்று காய்ந்து வெடிக்கும். அந்த மண்ணிலேயே பல், எலும்பு, சிறு கலயம், தானியம் எல்லாம் இருக்கும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குத்தான் பொ.ஆ.மு. (கி.மு.) 1155 என்று காலம் கணித்து 2021இல் அறிவித்தார்கள். யாராவது ‘சுத்தம்’ செய்திருந்தால் அந்த நெல் குப்பைக்குப் போயிருக்கும்.

பக்கத்தில் அளவுகோல் வைத்து, வடக்கு எது என்று தெரியும்படி படம் எடுங்கள். தரைமட்டத்திலிருந்து ஆழம், சர்வே எண், கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சலித்த மண்ணை மெதுவாகத் தூவி மூடி, மேலே கீற்று போடுங்கள். பிறகு விஏஓ, தாசில்தார், மாநிலத் தொல்லியல் துறை மூவருக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

கே: பழைய காசு ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

ப: விலை சொல்வதில்லை.

கே: மேலே தாழி கேட்டவருக்கு என் யோசனை: சொன்னால் நிலம் போய்விடும். ராத்திரியோடு மூடிவிடுங்கள்.

ப: இந்தப் பயத்தால் அழிந்த இடங்கள் ஏராளம். தகவல் கொடுப்பது வேறு, பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிப்பது வேறு. மத்திய அரசு 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி அறிவிக்க வேண்டுமானால் முன்னறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணைக்கு இரண்டு மாதம் விடவேண்டும். கீழடியில் தென்னந்தோப்பு உரிமையாளர்கள் சம்மதித்து இடம் கொடுத்தார்கள். தோண்டிய குழிகள் பலவும் மூடப்பட்டன.

கே: அப்படியே பொன், காசு கிடைத்தாலும் அரசுக்குத்தானே?

ப: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைப் படியுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இல்லாதது என்று முடிவாகி, வேறு உடன்பாடும் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பயப்பட வேண்டியது மறைப்பதற்குத்தான்.

கே: மத்தியத் தொல்லியல் துறைக் கோயிலிலிருந்து 130 மீட்டரில் மனை. ‘டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இருக்கு’ என்கிறார் புரோக்கர்.

ப: அந்த அப்ரூவல் இதற்குச் செல்லாது. முதல் 100 மீட்டர் தடைப்பகுதி, அங்கே புதுக் கட்டடமே கூடாது. அடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அளக்கவேண்டும். உங்கள் 130 அங்கிருந்து 90 ஆகிவிட்டால் பணம் மண்ணாகும். எல்லை வரைபடத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கே: அதுபோன்ற கோயிலிலிருந்து 80 மீட்டரில் தாத்தா கட்டிய வீடு. ஓடு மாற்றலாமா?

ப: 16.6.1992க்கு முன் கட்டியது என்பதற்கு ஆவணம் இருந்தால், பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். வீட்டு வரி ரசீது, பழைய மின் இணைப்பு அட்டை தேடிவையுங்கள்.

கே: நடுகல்லில் எழுத்து மங்கலாக இருக்கிறது. ஆசிட் ஊற்றித் தேய்க்கலாமா?

ப: கூடாது. சாக்பீஸ், மாவு, கம்பிப் பிரஷ் எதுவும் கூடாது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள், எழுத்து தானே எழும்பி வரும்.

கே: செப்புக்காசு கிடைத்தது, புளி போட்டுக் கழுவினேன். மதிப்பு?

ப: மேலே சொல்லியாயிற்று. கழுவாதீர்கள்.

கே: ஊர் நத்தமேட்டில் (பழைய குடியிருப்பு இருந்த மேடு) இரவில் டிப்பரில் மண் அள்ளுகிறார்கள். வெட்டிய கரையில் சாம்பல் அடுக்கும் கறுப்பு சிவப்புப் பானை ஓடும் தெரிகிறது.

ப: அந்தக் கரைதான் உங்கள் சாட்சி. அளவுகோல் வைத்து, அடுக்குகள் மேலிருந்து கீழ்வரை தெரிய இன்றே படம் எடுங்கள். ஓட்டைப் பிடுங்காதீர்கள். எஃப்எம்பி (நில அளவைப் புத்தக) வரைபட நகலில் வெட்டிய இடத்தைக் குறித்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். கனிமவளத் துறைக்கும் ஒரு நகல் போகட்டும். எந்த சர்வே எண்ணுக்கு, எத்தனை கன மீட்டருக்கு அனுமதி என்று அந்த மனுவிலேயே கேளுங்கள்.