“அவளுக்கு ஒன்றும் விளங்காது”: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓட்டிசம் உள்ள எனது மகனின் தொடையில் கன்றிய அடையாளம் இருந்தது. அவன் பேசமாட்டான். யாரிடம் கேட்பது? (ஏறாவூர்)

பதில்: மகனின் வயது, காயத்தைக் கண்ட நாள், அன்று அவருடன் இருந்தவர்கள் ஆகிய எதையும் நீங்கள் எழுதவில்லை. வைத்தியரும் பொலிஸாரும் முதலில் கேட்பவை இவைதாம் என்பதால், இன்றே ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வையுங்கள். வைத்தியசாலையில் காயம் சந்தேகத்துக்குரியது என்று வெளிப்படையாகச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கோருங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழையுங்கள். பேசாத பிள்ளையும் சொல்லும். எனக்குத் தெரிந்த ஒரு யுவதி, ஒரு குறிப்பிட்ட ஒழுங்கையை அண்மித்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் இறுகப் பிடித்தபடி நிலத்தில் அமர்ந்துவிடுவார். அதைப் பிடிவாதம் என்று வீட்டார் பல மாதங்கள் அடித்துத் திருத்த முயன்றார்கள்.

கேள்வி: அறிவு வளர்ச்சி குறைந்த மகளுக்கு 14 வயது. யாராவது கெடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் கருப்பையை எடுத்துவிடலாமா? (களுவாஞ்சிக்குடி)

பதில்: வேண்டாம். கர்ப்பம் தரிக்காதே தவிர, துஷ்பிரயோகம் நிற்காது. வெளியே தெரியவந்திருக்கக்கூடியது தெரியாமலே தொடரும்.

கேள்வி: அறிவு வளர்ச்சி குறைந்த எமது 22 வயதுத் தங்கைக்கு அயலவர் ஒருவர் நேற்று முன்தினம் இழைத்த கொடுமையை ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்து, நட்டஈடு வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். “அவளுக்கு ஒன்றும் விளங்காது, வழக்கு நிற்காது” என்கிறார்கள். (திருக்கோவில்)

பதில்: இப்படியான கடிதங்களில் ஊரின் பெயரும் தொகையும் மாறுகின்றன, அந்த வசனம் மட்டும் மாறுவதேயில்லை. பாலியல் வல்லுறவு வேலிச் சண்டை அன்று. பணம் கொடுத்து இணக்கமாக முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. மத்தியஸ்த சபைக்கும் அதில் அதிகாரமில்லை. 1995இல் திருத்தப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 364ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பெண் உள அல்லது உடல் இயலாமை உடையவராயின் குறைந்தது பத்து ஆண்டுகள் கடூழியச் சிறை என்கிறது. அதாவது, பெரியவர்கள் எதைக் காரணம் காட்டி வழக்கைக் கைவிடச் சொல்கிறார்களோ, அதையே சட்டம் குற்றத்தைப் பாரதூரமாக்கும் காரணமாகக் கொள்கிறது. கேள்வியை விளங்கிப் பதிலளிக்கக்கூடிய எவரும் சாட்சியமளிக்கலாம். வாய் பேச முடியாதவர் சைகையாலும் சொல்லலாம்.

மூன்று நாட்கள் கடப்பதற்குள் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்குவதற்கு அதுவே எல்லை. தடயமும் நாள் செல்லச் செல்ல அழிந்துவிடும். அன்றைய உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் இடுங்கள். சொப்பிங் பையில் ஈரம் தங்கிப் பழுதாகிவிடும். தங்கை முதலில் சொன்னதை அவருடைய சொற்களிலேயே கொப்பியில் எழுதி, அத்துடன் நிறுத்துங்கள். மாமா ஒரு தடவை, மச்சான் ஒரு தடவை என்று விசாரித்துத் தொலைபேசியில் பதிவு செய்தால், சொல்லிக் கொடுத்த கதை என்று எதிர்த்தரப்பு வாதிடும். பணத்தை வாங்கினாலும், அது முடிந்த பிறகு அந்த அயலவர் அதே ஒழுங்கையில்தான் இருப்பார்.

கேள்வி: பாதிக்கப்பட்ட பிள்ளையின் படத்தை முகநூலில் போட்டால் நீதி விரைவாகக் கிடைக்குமா? (அக்கரைப்பற்று)

பதில்: கிடைக்காது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். போட்டிருந்தால் உடனே அகற்றுங்கள்.

கேள்வி: டவுண் சின்ட்ரோம் உள்ள மகளுக்கு நல்ல தொடுகை, கெட்ட தொடுகையை எப்படிப் பழக்குவது? (காரைதீவு)

பதில்: உறுப்புகளின் உண்மையான பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள், “அந்த இடம்” என்று மட்டும் பழகியவரால் வாக்குமூலத்தில் எதையும் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்நியரைப் பற்றி மட்டும் எச்சரிக்காதீர்கள். தீங்கு செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர், குளிப்பாட்டுபவர், ஏற்றி இறக்குபவர். பெரியப்பாவின் முத்தம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும்போது, “மரியாதை இல்லை” என்று அதட்டாமல் விடுங்கள். வீட்டில் செல்லாத “வேண்டாம்” வெளியிலும் செல்லாது. மகள் எவருடன் பாடசாலைக்குப் போகிறார் என்பதை நீங்களும் எழுதவில்லை. ஓட்டோவில் தனியாக அனுப்புவதாயின், முதலில் அதை மாற்றுங்கள்.