ஒரு தூண் போனால் கட்டடம் தாங்குமா? கான்கிரீட் சட்டகங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், தூண்களைப் பெரிதாகப் போட்டுவிட்டால் தொடர் இடிவுக்கு (ஓரிடத்துச் சேதம் பரவிக் கட்டடத்தின் பெரும்பகுதி சரிவது) பயப்பட வேண்டாம்தானே?

பதில்: அது மட்டும் போதாது. வெடிப்போ லாரி மோதலோ எந்தத் தூணைத் தாக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒன்று போனபின் மேல்சுமை பக்கத்துத் தூண்களுக்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். 1968இல் லண்டன் ரோனன் பாயின்ட்டில் 18ஆவது மாடியில் எரிவாயு வெடித்து, சுமைதாங்கிச் சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டது. பலகைகளுக்கிடையே போதிய பிணைப்பு இல்லாததால் 22 மாடிக் கட்டடத்தின் அந்த மூலையே சரிந்தது.

கேள்வி: தூண் போனதும் பீமில் என்ன மாறுகிறது?

பதில்: தூணுக்குத் தூண் இடைவெளி (ஸ்பான்) 6 மீட்டர் என்றால், இருபக்க ஸ்பானும் சேர்ந்து 12 மீட்டர் ஆகிறது, அதே சீரான சுமைக்கு மொமென்ட் (பீமை வளைக்கும் தாக்கம்) நான்கு மடங்கு. இதைவிட ஆபத்து, இழுவை இடம் மாறுவது. தூண் இருந்தவரை அதன் தலைமேல் மேல்கம்பிதான் இழுவையில் இருந்தது. இப்போது அங்கே கீழ்க்கம்பி இழுபடுகிறது. அதைத் தூணுக்குள் 150 மி.மீ. மட்டும் நுழைத்து நிறுத்தியிருந்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். பக்கத்துத் தூண்களிலோ, கால் ஸ்பானில் வெட்டிய மேல்கம்பி போதாமல் போகும். வரைபடத்தில் நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

கேள்வி: தொடர்ச்சியாக எத்தனை கம்பி ஓட வேண்டும்?

பதில்: தோராயக் கணக்கு: பீம் 1.2 மீட்டர் தொங்கிக் கயிறுபோல் தாங்குகிறது என்று வையுங்கள். சுமை மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் (கி.நி.) என்றால் இழுவிசை 30 × 12² ÷ (8 × 1.2) = 450 கி.நி. 500 தரக் கம்பியில் (சதுர மி.மீ.க்கு 500 நியூட்டன் தாங்குவது) இதற்கு 900 ச.மி.மீ. குறுக்குப் பரப்பு வேண்டும், 20 மி.மீ. கம்பி மூன்று (942) போதும், 16 மி.மீ. நான்கு (804) போதாது. இது நிலைச்சுமைக் கணக்கு மட்டுமே. தூண் திடீரென மறைந்தால் விசை இன்னும் கூடும். அந்த இழுவையை வாங்கிக்கொள்ள இருபுறமும் அடுத்த ஸ்பான்கள் இருக்கவும் வேண்டும்.

கேள்வி: ஐயா, அப்படியானால் மூலைத் தூண்?

பதில்: அங்கே ஒருபக்கம் பிடிப்பே இல்லை, கயிற்றுச் செயல் கிடைக்காது. ஒவ்வொரு மாடி பீமும் ஒருமுனைப் பிடிப்பில் நீண்டு நிற்கும் கான்டிலீவராக நிற்க வேண்டும். மேல்கம்பியும் மூட்டும்தான் காப்பாற்றும்.

கேள்வி: கீழ்க்கம்பியைத் தூண் பக்கத்தில் லேப் செய்வது (இரு கம்பி முனைகளை ஒன்றன்பக்கம் ஒன்றாகப் படியவைத்து இணைப்பது) வழக்கம். சரிதானா?

பதில்: சாதாரணச் சுமைக்குச் சரி. தூண் போனால் அதிக இழுவை வருவதே அங்கேதான். முழு இழுவை லேப் நீளம் கொடுங்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்காதீர்கள், லேப் நெடுக மூடிய ஸ்டிரப்பை (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) நெருக்கமாகக் கட்டுங்கள். ஸ்டிரப் இல்லாவிட்டால் கவர் (கம்பியை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட்) உதிர்ந்ததும் லேப்பின் பிடி போய்விடும்.

கேள்வி: பீம் இல்லாத தட்டை ஸ்லாபுக்கு?

பதில்: துளைவெட்டு (தூண் ஸ்லாபைத் துளைத்துக்கொண்டு வருவது) நடந்தபின் மேல்கம்பி கவரைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடும், ஸ்லாபைத் தொங்கவைத்துப் பிடிப்பது கீழ்க்கம்பிதான். ஒவ்வொரு திசையிலும் குறைந்தது இரண்டு கீழ்க்கம்பி தூணின் செங்குத்துக் கம்பிகளுக்கு உள்ளே புகுந்து மறுபக்கம் தொடர வேண்டும். தூணுக்கு வெளியே ஒட்டிப் போகும் கம்பியை இதில் சேர்க்காதீர்கள்.